இருபத்தேழு செருப்புகள்

போன மாதம் என் மருமகள் செம்பூரில் ஒரு மாலில் கைப்பை வாங்கி வந்தாள். தோல் பை, தேன் நிறம், தையலில் ஒரு பிசிறு கிடையாது. அதில் தொங்கிய அட்டையில், இந்தப் பையைச் செய்தவர்கள் நியாயமாக நடத்தப்பட்டார்கள் என்றும், பட்டறை முறையாகத் தணிக்கை செய்யப்பட்டது என்றும் அச்சடித்திருந்தது. “உங்க வேலைதானே அத்தே இது?” என்று அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பெருமையாகத்தான் கேட்டாள். அடுத்த நிமிடம் பையை மூக்கருகே கொண்டுபோனவள், “சே, சொல்யூஷன் பசை நாத்தம் தாங்கல” என்று முகத்தைச் சுளித்து அதைப் பால்கனிக் கொடியில் மாட்டிவிட்டாள். நாலு நாள் காற்றாடினால் சரியாகிவிடும் என்றாள்.

நான் முப்பது வருடம் பார்த்தது அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே பை, சட்டை, செருப்பு என்று ஆர்டர் கொடுக்கும். அவற்றைச் செய்யும் பட்டறையில் ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, மூச்சு விடக் காற்று இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கத் தணிக்கைக் கம்பெனிகள் உண்டு. அப்படி ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். இதை வெளியே சொன்னால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. “அப்போ எதைத்தான் வாங்கறது?” என்று கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ரயிலில் தொங்கிக்கொண்டு கேட்கிறார்கள். மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டர் என் வாயைத் திறக்க வைத்து, உள்ளே கண்ணாடியையும் விட்டுவிட்டுக் கேட்டார். இவர்களுக்கு வேண்டியது ஒரு கடையின் பெயர். அங்கே போய் வாங்கிவிட்டு, அப்புறம் இதைப் பற்றி நினைக்காமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு கடை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே அங்கேதான் வாங்கியிருப்பேன்.

பை கொடியில் தொங்கிய வாரத்தில்தான் ஆர்த்தி போன் செய்தாள். என் பழைய ஆபீஸில் இப்போது என் நாற்காலியில் உட்காரும் பெண். மாட்டுங்காவில் பிறந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். நான் இப்போது எழுதும் இதையும் அவள் அம்மாதான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் பாதித் தணிக்கை வீடியோ காலில் நடக்கிறதாம். பட்டறைக்காரர் தன் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடப்பார். இவள் ஏசியில் உட்கார்ந்து, கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்கள் என்பாள். “டிராவலே இல்ல மேடம், ஒரு நாள்ல மூணு முடிச்சிடலாம். உங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதிக் குடுங்களேன், டிரெயினிங்ல வச்சுக்கறோம்” என்றாள். மாதிரிக்கு ஒரு வீடியோவும் அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசவில்லை நான். அதில் என்ன இருந்தது என்பதற்கு முன் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோல் குடோனில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டுக்குக் கீழேயே பை தைக்கும் பட்டறை. சாயங்காலக் கல்லூரி, டைப்பிங், அப்புறம் இந்தக் கம்பெனியில் சட்டைப் பித்தான்களை இழுத்துப் பார்க்கும் வேலை. சில வருடம் கழித்து, ஆட்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு ஞானம் வந்தது. தாராவிக்குள் வழி தெரிந்த, தமிழ் பேசும் ஒரே ஆள் நான் என்பதால் என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குப் பயிற்சி என்றால் ராஜலட்சுமி மேடம்தான்.

மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவி. கிங்ஸ் சர்க்கிளில் வீடு. தணிக்கைக்குப் போகும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தோள்பையில் சொந்தமாக ஒரு பாட்டில். நாங்கள் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு வரிவரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான். “இத நீ பாத்தயா? யாராவது சொன்னாளா? இல்ல, நீயா நெனச்சுண்டயா?” பார்த்தது என்றால் வரி ஓரத்தில் முழு வட்டம். யாரோ சொன்னது என்றால் அரை வட்டம். நானாக நினைத்தது என்றால் பெருக்கல் குறி, அந்த வரி போய்விடும். அரை வட்டத்தோடு எந்த ரிப்போர்ட்டும் கையெழுத்துக்குப் போகக் கூடாது; மறுபடியும் போய்ப் பார்த்து முழுசாக்கிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை ‘குறுகலான படிக்கட்டு’ என்று எழுதியிருந்தேன். “குறுகல்னா எத்தனை அங்குலம்? உன் இடுப்புக்குக் குறுகலா, என் இடுப்புக்கா?” என்று கேட்டார். அன்றிலிருந்து என் பையில் டேப் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவரைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

பட்டறைக்குப் போனால் முதலில் உள்ளே நுழையக் கூடாது. இதுவும் மேடம் சொன்னது. வாசலில் நின்று செருப்பை எண்ண வேண்டும். தாராவிப் பட்டறைகளில் தரையில் சம்மணம் போட்டுத்தான் வேலை. எல்லாருடைய செருப்பும் ஏணிப்படிக்குக் கீழே கிடக்கும். பதிவேட்டில் பத்துப் பேர் என்று எழுதி, கீழே பதினாறு ஜோடி கிடந்தால் ஆறு பேரை எங்கோ ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பதிவேட்டை இரவோடிரவாகத் திருத்தலாம். செருப்பைத் திருத்த யாருக்கும் தோன்றாது. அதன் பிறகுதான் மேலே ஏறுவோம். தீயணைப்பானின் ஊசி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் தூசி எவ்வளவு, காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நமக்காக ஓடுகிறதா, எப்போதும் ஓடுகிறதா. இறக்கையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பசை டப்பாக்களின் லேபிளில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, பதிவேட்டிலிருந்து நாமே மூன்று பெயரைத் தேர்ந்தெடுத்து, முதலாளி இல்லாத இடத்தில் பேச வேண்டும்.

காஜா பாய் பட்டறைக்கு முதல் தடவை போனபோது இது அத்தனையும் செய்தேன். காஜா பாய் கடையநல்லூர்க்காரர், நல்ல மனுஷர், ஆட்களோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். அவரிடம் பை எடுத்தது கடல் தாண்டிய ஒரு கம்பெனி. வாசலில் எண்ணினேன். இருபத்தேழு செருப்பு. உள்ளே பதினான்கு பேர். நான் மறுபடியும் எண்ணினேன், அப்போதும் இருபத்தேழுதான்.

“என்ன பாய், ஒரு செருப்பு குறையுதே?” என்றேன்.

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் தாயி. இந்தச் சந்துல செருப்பு தங்குமா? நீங்க மேல வாங்க, சாயா குடிப்போம்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேலே எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்தக் கம்பெனி சொல்லியிருந்தபடி, தண்ணீரில் கரையும் பசை பத்து டப்பா, வரிசையாக. பழைய சொல்யூஷன் நரம்புக்குக் கேடு என்று அதைத் தடை செய்திருந்தார்கள். பசை அடிப்பவர் பெயர் பீர் முகம்மது, மேலப்பாளையம். நாற்பது வயதுக்கு மேல். சுவர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் ‘நல்லா இருக்கேம்மா’ என்றார். சொல்யூஷன் வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

எனக்குத் தெரியாது. அதுதான் விஷயம். வீட்டுக்குக் கீழே பட்டறை என்று சொன்னேன் அல்லவா? பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் தூங்கி, அந்த வாசனையில் சோறு தின்றவள். என் மூக்குக்கு அது வெறும் காற்று. பாந்த்ராவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தால் ஏணியில் பாதி ஏறும்போதே துப்பட்டாவால் மூக்கை மூடியிருப்பாள். நம்ம ஏரியா ஆள், எல்லாம் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். மற்ற எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மேடம் என் நோட்டைப் பார்த்தார். “இருபத்தேழா? யாரு ஒத்தக் கால்ல வந்தா?”

“ஒண்ண நாய் தூக்கிட்டுப் போயிடுச்சாம் மேடம்.”

“நாயப் பாத்தயா?”

“இல்ல, பாய் சொன்னார்.”

அரை வட்டம் விழுந்தது. நியாயமாக மறுநாள் நான் திரும்பப் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று அந்தக் கம்பெனி ஒற்றைக் காலில் நின்றது. ஒரு செருப்புக்காகவா என்று நான் சலித்துக்கொண்டேன். மேடம் பென்சிலை இரண்டு முறை உருட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவருடைய சர்வீஸில் அரை வட்டத்தோடு போன ரிப்போர்ட் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் ஜூலையில், சொல்லாமல் கொள்ளாமல் அதே பட்டறைக்குப் போனேன். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் குடையை மடக்கிவிட்டு எண்ணினேன். பதினான்கு ஜோடி, இருபத்தெட்டு. சரியாக இருந்தது. ஆனால் அதில் ஒரு ஜோடியின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, பைக்கு வெட்டி மிஞ்சிய தோல் வாரைக் கோத்திருந்தார்கள். கணுக்காலைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற மாதிரி. சின்னப் பிள்ளைகளின் செருப்புக்குக் கட்டுவார்களே, அப்படி. ஆனால் இது ஒன்பதாம் நம்பர் செருப்பு.

படியில் இறங்கி வந்த ஒரு தையல்காரரிடம் யாருடையது என்று கேட்டேன்.

“பீரண்ணனோடது. அவருக்குக் கால்ல செருப்பு நிக்காதுக்கா. கழண்டு விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. போன வருசம் ஒத்தச் செருப்போட இங்க வரைக்கும் நடந்து வந்துட்டாரு. படியேறும்போது நாங்க சொன்னப்பெறவுதான் குனிஞ்சு பாத்தாரு.”

நான் பழைய நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். மழையில் நனையாமல் சுவரோடு ஒண்டிக்கொண்டு புரட்டினேன். இருபத்தேழு. என் கையெழுத்துதான். பக்கத்தில் அந்த அரை வட்டம். அந்த மனுஷனின் கால் மரத்துப்போனதை நான் அன்றைக்கே எண்ணி எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுச் சாயா குடித்திருக்கிறேன்.

மேலே போய் டப்பாக்களைப் பார்த்தேன். பத்து டப்பா. போன வருடம் குறித்த அதே எண்கள், உடையாத சீல். ஒரு வருடமாக அவை காட்சிக்கு உட்கார்ந்திருந்தன. பீர் முகம்மதின் தொடைக்குப் பக்கத்தில், கோணிக்கு அடியில் இருந்தது பழைய சொல்யூஷன்.

காஜா பாய் மறைக்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டினார்.

“என்ன செய்யச் சொல்லுதிய? அந்தத் தண்ணிப் பசைய அடிச்சா ஒரு நாளு காயணும். பாரிஷ்ல, இந்த மழையில, துணியே காய மாட்டேங்கு, பசை எங்க காயும்? பன்னெண்டு நாள்ல சரக்கு வந்து சேரணும்னு அவனேதான் சொல்லுதான். தண்ணிப் பசையும் அடிக்கணுங்கான், நாளையும் கூட்ட மாட்டேங்கான். கேட்டா வேற ஆளப் பாத்துக்கிடுதேங்கான். நீங்க அவங்கிட்டப் போயிக் கேளுங்க தாயி. எங்கிட்ட எதுக்குக் கேக்கிய?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பீர் முகம்மதைத் தனியாக மொட்டை மாடித் தகரத்துக்குக் கீழே கூட்டிப்போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்.

“கால் எப்படி இருக்குண்ணே?”

“பஞ்சு மூட்டை மேல நிக்க மாதிரி இருக்கு. ஆணி ஏறினாலும் தெரிய மாட்டேங்கு. ராத்திரி வீட்டுல அவ பாத்துதான் ரத்தம்பா. டாக்டரு, இந்த வேலைய விட்டுட்டா கொஞ்சங் கொஞ்சமா சரியாயிரும்னாரு. விட்டுட்டு எங்க போவ? யம்மா, நீங்க இத எழுதாதிய. எழுதினா ஆர்டரு போயிரும். என் ஒருத்தன் காலுக்காவ பதினாலு பேரு வயித்துல அடிச்சிராதிய.”

ஆபீஸுக்கு வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “நாயப் பாத்தயான்னு கேட்டேனே. கேட்டுட்டு நானே விட்டுட்டேனே” என்றார். பிறகு வந்து உட்கார்ந்து, “எழுது. பாத்தத எழுது” என்றார்.

எழுதினேன். எல்லா வரிக்கும் முழு வட்டம். ஆனால் எங்கள் படிவத்தில் பட்டறைக்காரர் செய்த தப்புக்கு நாற்பது கட்டம் உண்டு; வாங்குகிற கம்பெனி செய்த தப்புக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இத்தனை வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். மேடம் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: மழைக்காலத்தில் பன்னிரண்டு நாளில் இந்தப் பசை காயாது, நாளைக் கூட்டிக் கொடுங்கள், ஆர்டரை நிறுத்தாமல் பட்டறையைச் சரிசெய்ய உதவுங்கள், பாதிக்கப்பட்டவருக்கு வைத்தியம் பாருங்கள். எங்கள் தலைமை ஆபீஸ், தணிக்கை வரம்பில் இது வராது என்று சொல்லி அந்த ஓரக் குறிப்பை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பியது.

ஒரே வாரத்தில் பதில் வந்தது. நேர்மையான அறிக்கைக்கு எங்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இப்படிப்பட்ட பட்டறையோடு இனி ஒரு உறவும் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். தங்கள் கை சுத்தம் என்பது அவர்கள் எண்ணம். அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதினாலும் பேனா அழுந்துகிறது.

இரண்டு மாதத்தில் காஜா பாய் பட்டறையைப் பூட்டினார். பதினான்கு பேரும் சிதறிப்போனார்கள். ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது காஜா பாய் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். நின்றார்.

“அந்த ஆர்டரு உல்லாஸ்நகருக்குப் போயிட்டு, தெரியுமா தாயி? பீரும் அங்கதான் வேலைக்குப் போறான். அதே சொல்யூஷன், அதே பிரஷ்ஷு. இப்ப ரயில்ல வேற நசுங்கிக்கிட்டுப் போவணும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஊர் விஷயம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

உல்லாஸ்நகர் பட்டறையைத் தணிக்கை செய்ததும் எங்கள் கம்பெனிதான். வேறு ஒரு இன்ஸ்பெக்டர் போய், எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக் கொடுத்தார். அது என் லிஸ்டில் இல்லை, நான் போகவில்லை. லிஸ்டில் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. ரயில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது. என் ஒரு அறிக்கை பதினான்கு பேரைத் தெருவில் விட்டதைப் பார்த்தபின், இன்னொரு வாசலில் நின்று செருப்பை எண்ண எனக்குத் தெம்பில்லை. மேடம் ஓய்வு பெற்றார். சில வருடத்தில் நானும் பெற்றேன். சால்வை போர்த்தினார்கள்.

இனி ஆர்த்தி அனுப்பிய வீடியோ. காஜா பாயின் ஆர்டர் போன அதே உல்லாஸ்நகர்ப் பட்டறை. முதலாளி போனை உயரப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடக்கிறார். டப்பா வரிசை, ஃபேன், தீயணைப்பான். ஆர்த்தி ‘குட், குட்’ என்கிறாள். கடைசியில் அவர் போனை அணைக்கக் கையைத் தாழ்த்துகிறார்; அந்த ஒரு நொடி வாசல் தெரிகிறது. செருப்புகள். அதில் ஒன்றில் தேன் நிறத் தோல் வார் கோத்திருக்கிறது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருமகள் பையின் அதே தோலா என்று கேட்காதீர்கள். பாதித் தோல் அந்த நிறம்தான்.

மூன்றாம் நாள் காலை உல்லாஸ்நகர் போனேன். பட்டறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்குப் பீர் முகம்மது வெளியே வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். காலில் சாதாரணச் செருப்பு, வார் கிடையாது. என்னை அடையாளம் தெரிந்து, “யம்மா, நீங்களா” என்று வந்து உட்கார்ந்தார்.

“இப்பப் பசை அடிக்கதில்லம்மா. ரெண்டு வருசமா பேக்கிங். கல்லு குத்தினாத் தெரியுது இப்ப” என்று காலை நீட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அந்த வார் கட்டிய செருப்பு யாருடையது என்று கேட்டேன்.

“அது சுபாஷோடது. பீகார்க்காரன். சின்னப் பையன் இல்ல, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். இப்பப் பசை அடிக்கது அவன்தான். நாலு ஜோடி தொலைச்சிட்டான் பாவம். நான்தான் ஓட்டை போட்டு வார் கட்டிக் குடுத்தேன்.” ஒரு நல்ல காரியம் செய்தவரின் முகம் அது. நல்ல காரியம்தானே, அவரால் முடிந்தது அதுதானே.

“அவரு டாக்டரைப் பாக்கலியா?”

“பாத்தா வேலைய விடச் சொல்லுவாவ. எனக்கும் அதத்தானே சொன்னாவ.” டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க அன்னைக்கு எழுதினது தப்புன்னு நான் சொல்லலம்மா. எழுதாதியன்னு சொன்னது என் பயம். எழுதினிய, சரி. எழுதிட்டுப் போயிட்டிய. பெறவு யாருமே வரல. அவ்வளவுதான்.”

ரயில் நிலையத்திலிருந்தே ஆர்த்திக்குப் போன் செய்து கத்தினேன். பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘ரிப்போர்ட் க்ளோஸ் ஆயிடுத்து மேடம், அடுத்த ஆடிட் அடுத்த வருஷம்தான்’ என்றாள். ‘வியாழக்கிழமை பத்து மணிக்கு உல்லாஸ்நகர் ஸ்டேஷன்ல நில்லு’ என்று சொல்லி வைத்துவிட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள்.

பட்டறைச் சந்தில் நுழைந்ததுமே துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். “என்ன மேடம் இது, தலை சுத்தறது. வீடியோல இது தெரியவே இல்லையே” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். பிறகு வாசலில் நிறுத்தி எண்ணச் சொன்னேன். குனிந்து, விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் இப்போது வார் கட்டியது இரண்டு ஜோடி. அவளே பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத எந்தக் கட்டத்துல எழுதறது மேடம்?”

“இதுக்குக் கட்டம் கிடையாது. ஓரத்துல எழுது. அவங்க எத்தன நாள்ல சரக்கு கேக்கறாங்கன்னு அதையும் எழுது. மேல இருக்கறவங்க அந்த ஓரத்தை எடுத்துட்டு அனுப்புவாங்க. நீ மறுபடியும் எழுது. ஆர்டரை நிறுத்தினா பட்டறை மூடிடும், அதனால நிறுத்தாதேன்னும் எழுது. அடுத்த வியாழன் இதே நேரம் நான் ஸ்டேஷன்ல இருப்பேன்.”

“அடுத்த வாரமுமா மேடம்?”

“அதுக்கு அடுத்த வாரமும்.”

அவள் முகம் வாடிப்போனது. எனக்கும் இது ஒன்றும் உற்சாகமான விஷயம் இல்லை. முழங்கால் வலிக்கிறது, கல்யாண் வரைக்கும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை, போய் நின்றால் முதலாளி என்னை ஒரு பைத்தியம் போலப் பார்க்கிறார். மூன்று வியாழன் ஆகிவிட்டது. சுபாஷைப் போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஆர்த்திதான் வரிசையில் நின்றாள். ஓரக் குறிப்பை இரண்டு முறை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை எழுதியிருக்கிறாள்.

நேற்று நான் வீட்டுக்குள் நுழையும்போது மருமகள் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்து அந்தப் பையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

“வாசனை போயிடுச்சா பாருங்க அத்தே. எனக்குப் பழகிப்போச்சோ என்னமோ, தெரியல.”

வாங்கி, முகத்தோடு சேர்த்து வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இன்னும் போகல” என்றேன்.